இடமாற்றம், குற்றச்சாட்டுப் பத்திரம், நின்றுபோன சம்பள ஏற்றம்: வடக்கில் அரச உத்தியோகத்தர் எந்தக் கதவைத் தட்டுவது?

யாழ்ப்பாணத்தில் ஒரே பதவிப் பெயரோடு, ஒரே சம்பளப் படியில் வேலை செய்யும் இரண்டு பேருக்குப் பிணக்கு வந்தால், இருவரும் போகவேண்டிய இடம் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மாவட்டச் செயலகத்தில் இருக்கும் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் மத்திய அரசின் ஆள். அதே வேலையை மாகாணத் திணைக்களம் ஒன்றில் பார்ப்பவர் மாகாண ஆள். போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை மாகாணத்தின் கீழ். தேசிய பாடசாலை ஆசிரியருக்கும் மாகாணப் பாடசாலை ஆசிரியருக்கும் இதே வேறுபாடுதான். நியாயம் தன் பக்கம் இருந்தும் தோற்றுப்போகிறவர்களில் பலர் சட்டம் தெரியாமல் தோற்பதில்லை. பிழையான கதவைத் தட்டிக்கொண்டு நிற்கையில் சரியான கதவுக்குரிய காலம் முடிந்துவிடுகிறது.

ஆகவே மேன்முறையீட்டை எழுத உட்காருவதற்கு முன் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். நியமன அதிகாரி யார், எந்தச் சேவை, எந்த ஆட்சேர்ப்புத் திட்டம் என்பவை அதிலேயே இருக்கும். இப்போது உட்கார்ந்திருக்கும் கதிரையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மாகாணத்துக்கு விடுவிக்கப்பட்டு வேலை செய்யும் நாடளாவிய சேவை உத்தியோகத்தர் ஒழுக்காற்று விடயத்தில் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு உட்பட்டவராகவே இருப்பார்.

கடிதத்தின் அடியைப் பாருங்கள்

மத்திய அரச உத்தியோகத்தருக்கு ஏணி அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அரசாங்க சேவை ஆணைக்குழு தன் அதிகாரத்தை ஒரு குழுவுக்கோ உத்தியோகத்தருக்கோ கையளிக்கலாம். அப்படிக் கையளிக்கப்பட்ட அதிகாரத்தில் ஒரு செயலாளரோ திணைக்களத் தலைவரோ குழுவோ பதவி உயர்வு, இடமாற்றம், பதவி நீக்கம் அல்லது வேறு ஒழுக்காற்று விடயம் பற்றிக் கட்டளை தந்தால், உறுப்புரை 58இன்படி மேன்முறையீடு அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்குப் போகும். கட்டளையை ஆணைக்குழுவே தந்திருந்தால், அல்லது உங்கள் மேன்முறையீட்டை ஆணைக்குழு நிராகரித்திருந்தால், அடுத்த படி உறுப்புரை 59இன் கீழ் அமைந்த நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை. இது 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குகிறது. ஆணைக்குழுவின் முடிவை மாற்றவும் திருத்தவும் இரத்துச் செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு.

எனவே கடிதம் வந்ததும் யார் கையொப்பமிட்டிருக்கிறார், எந்த அதிகாரத்தில் இட்டிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். “ஆணைக்குழுவின் கட்டளைப்படி” என்றிருந்தால் ஒரு வழி, கையளிக்கப்பட்ட அதிகாரத்தில் செயலாளர் தானே முடிவெடுத்திருந்தால் இன்னொரு வழி. இரண்டும் தெளிவில்லாவிட்டால், எந்த அதிகாரத்தின் கீழ் இக்கட்டளை தரப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை மேன்முறையீட்டைப் பிற்போட வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் அனுப்பலாம்.

மாகாண உத்தியோகத்தருக்கு நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை வழியல்ல. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று அதிகாரங்களை ஆளுநரிடம் வைக்கிறது. நடைமுறையில் அவற்றைக் கையாள்வது 33ஆம் பிரிவின் கீழ் அமைந்த மாகாண பொதுச் சேவை ஆணைக்குழு. அந்த ஆணைக்குழுவின் நியமன, இடமாற்ற, பதவி நீக்க, ஒழுக்காற்றுக் கட்டளைகளை மாற்றவோ இரத்துச் செய்யவோ ஆளுநருக்கு 33(8) இடம் தருகிறது. ஆகவே வலயக் கல்வி அலுவலகமோ மாகாணத் திணைக்களமோ பிரதேச சபையோ, படிகள் திணைக்களம், மாகாண ஆணைக்குழு, ஆளுநர் என்று போகும். கைதடியில் உள்ள மாகாண அலுவலகங்களில் முடிய வேண்டிய விடயத்தை, அரசாங்க சேவை ஆணைக்குழு இருக்கும் பத்தரமுல்லைக்கு அனுப்பி, “இது எமது நியாயாதிக்கத்துக்கு உட்பட்டதல்ல” என்று ஒரு வரிப் பதில் வாங்குவதில் மாதங்கள் போகும்.

பல்கலைக்கழக ஊழியருக்கு 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி பல்கலைக்கழக சேவைகள் மேன்முறையீட்டுச் சபை தனியாக உண்டு. கூட்டுத்தாபன, நியதிச் சபை ஊழியர் பலர் தங்களையும் அரச உத்தியோகத்தர் என்றே எண்ணுகிறார்கள். பேச்சுக்கு அது சரி. ஆனால் அவர்களுக்குக் கைத்தொழில் பிணக்குகள் சட்டமும் தொழில் நியாய மன்றும் திறந்திருக்கின்றன, வேலை முடிவுறுத்தப்பட்டால் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அரசையே நேரடி எசமானாகக் கொண்டவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

இடமாற்றம்: முதலில் கடமையேற்பு, பிறகு மேன்முறையீடு

இடமாற்றக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு போட்டுவிட்டு, பதில் வரட்டும் என்று வீட்டில் இருப்பதுபோல் ஆபத்தான காரியம் வேறில்லை. மேன்முறையீடு கட்டளையைத் தானாக நிறுத்தாது. நிறுத்திவைத்திருப்பதாக எழுத்தில் வராத வரை கட்டளை உயிரோடு இருக்கிறது. குறித்த திகதிக்குப் புதிய நிலையத்துக்குப் போகாமல், லீவும் அங்கீகரிக்கப்படாமல் இருந்தால் அடுத்து வருவது பதவி வறிதாக்கல் கடிதம், அலுவலகப் பேச்சில் வீ.ஓ.பி. அது கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் வரும். கொக்குவிலிலிருந்து வட்டுக்கோட்டைக்கு வீடு மாறி, சுயவிவரக் கோவையில் முகவரியைத் திருத்தாமல் விட்டவருக்கு அது கிடைக்காமலே போகலாம். அதிலிருந்து மீள்வது இடமாற்றத்தை இரத்துச் செய்விப்பதை விடப் பல மடங்கு கடினம். அநியாயமான இடமாற்றம் என்ற உங்கள் பலமான வழக்கு, கடமைக்குச் சமுகமளிக்காத உத்தியோகத்தர் என்ற பலவீனமான வழக்காக ஒரே கிழமையில் மாறிவிடும்.

ஆகவே போய்க் கையொப்பமிடுங்கள். போனதைக் காரணங்காட்டி மேன்முறையீட்டைத் தட்டிக்கழிக்காதபடி மேன்முறையீட்டின் தொடக்கத்தை இப்படி எழுதலாம்:

“2025.03.04ஆம் திகதிய இடமாற்றக் கட்டளை 2025.03.10 அன்று எனக்குக் கிடைத்தது. அக்கட்டளைக்கமைய 2025.03.17 அன்று புதிய சேவை நிலையத்தில் கடமையேற்றுள்ளேன். கடமையேற்றமை இம்மேன்முறையீட்டைக் கைவிட்டமையாகக் கருதப்படலாகாது எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

இந்த மூன்று வசனத்தில் மூன்று திகதிகள் இருக்கின்றன. நடு வசனம் உங்களைப் பதவி வறிதாக்கலில் இருந்து காக்கிறது. முதல் வசனத்தில் உள்ள இரண்டாவது திகதியில் இருந்துதான் காலக்கெடுவை எண்ண வேண்டியிருக்கும், ஆகவே அதை நிரூபிக்கக்கூடியதாக வைத்திருங்கள். தபாலில் வந்த கடிதம் என்றால் உறையை எறிய வேண்டாம், தபால் முத்திரைத் திகதி அதில் இருக்கிறது. கையில் தந்தால், பிரதியில் “2025.03.10 பி.ப. 2.30க்குப் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி ஒப்பமிடுங்கள். முன்திகதியிட்ட கடிதத்தைப் பிந்தித் தந்துவிட்டு, அந்தத் திகதியிலேயே ஒப்பம் கேட்கும் பழக்கம் சில அலுவலகங்களில் இருக்கிறது. உடன்பட வேண்டாம்.

அடுத்து, இடமாற்றம் எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். வருடாந்த இடமாற்றம் என்றால் இடமாற்றச் சபையின் முடிவும் அதற்கான மீளாய்வு வழியும் இருக்கும், மீளாய்வுக்குரிய திகதியை இடமாற்ற அறிவித்தலிலேயே போட்டிருப்பார்கள். சேவைத் தேவையின் பொருட்டு என்று வந்தால், அந்தத் தேவை என்ன, உங்கள் இடத்துக்கு யார் வருகிறார், போகும் இடத்தில் உண்மையில் வெற்றிடம் உண்டா என்று கேளுங்கள். உங்கள் மீது முறைப்பாடு ஒன்று வந்த கிழமையில், விசாரணை எதுவுமின்றிச் சேவைத் தேவை என்ற பெயரில் அனுப்பியிருந்தால், மேன்முறையீட்டின் மையம் அதுதான்: ஒழுக்காற்று நடவடிக்கையை ஒழுக்காற்று நடைமுறையின்றி எடுத்திருக்கிறார்கள் என்பது. பிள்ளையின் பள்ளிக்கூடம், அம்மாவின் வருத்தம் எல்லாம் கடைசிப் பந்தியில் வரட்டும். அவை இரக்கத்தைத் தேடித் தரும். கட்டளையை இரத்துச் செய்ய நடைமுறைப் பிழையே காரணமாகும்.

குற்றச்சாட்டுப் பத்திரம் வந்தால்

ஒழுக்காற்று நடைமுறை, அரச உத்தியோகத்தருக்கான விதிகளின் தொகுப்பாகிய தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது: நடத்தை 47ஆம் அத்தியாயம், ஒழுக்காற்றுச் செயன்முறை 48ஆம் அத்தியாயம். ஆணைக்குழுவின் செயன்முறை விதிகள் 2009.02.20ஆம் திகதிய 1589/30 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்தன. பின்னர் வந்த விதிகளோடும் திருத்தங்களோடும் சேர்த்து வாசியுங்கள். சக ஊழியர் அனுப்பும் பழைய பீ.டீ.எஃப். பிரதியை மட்டும் நம்ப வேண்டாம்.

பெரும்பாலும் முதலில் நடப்பது பூர்வாங்க விசாரணை. இது தகவல் திரட்டல் மட்டுமே, இதில் யாரும் குற்றவாளியாவதில்லை. ஆனால் இங்கே கொடுத்த வாக்குமூலம் கடைசிவரை கூட வரும். வாக்குமூலம் தர மறுப்பது புத்தியல்ல, அதுவே இன்னொரு குற்றச்சாட்டாகலாம். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். நினைவில்லாத திகதியை ஊகித்துச் சொல்ல வேண்டாம், “கோவையைப் பார்த்தே சொல்ல முடியும்” என்பது முறையான பதில். எழுதியதை முழுதாக வாசித்து, பிழையைத் திருத்தி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பமிடுங்கள். கொழும்பிலிருந்து வந்த குழு சிங்களத்தில் எழுதிவிட்டு ஒப்பம் கேட்டால், வாசித்து விளங்காத தாளில் கை வைக்க வேண்டாம். தமிழில், உங்கள் கையெழுத்தில் எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். அரசியலமைப்பின் உறுப்புரை 22இன்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். இதைக் கேட்பதில் முரண்டு எதுவும் இல்லை. மறுத்தால், மறுத்ததை அன்றே கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிட அந்தக் கடிதம் அடிப்படையாகும்.

குற்றச்சாட்டுப் பத்திரம் கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, குற்றச்சாட்டு எந்த அட்டவணையின் கீழ் வருகிறது என்பது. பதவி நீக்கம் வரை போகக்கூடிய பாரிய குற்றங்கள் முதலாம் அட்டவணையிலும், சிறு தண்டனைக்குரியவை இரண்டாம் அட்டவணையிலும் வரும். முறைசார் ஒழுக்காற்று விசாரணை நடக்குமா என்பது இதில் தங்கியிருக்கிறது. இரண்டாவது, குற்றச்சாட்டில் திகதி, இடம், செயல் மூன்றும் தெளிவாக இருக்கின்றனவா என்பது. “கடமையில் அசட்டையாக இருந்தமை” என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த நாளில் எந்தக் கடமை என்று கேட்காமல் பதில் எழுத முடியாது. மூன்றாவது, பின்னிணைப்பில் உள்ள ஆவணப் பட்டியலும் சாட்சிப் பட்டியலும். பட்டியலில் உள்ள ஆவணங்களைப் பார்வையிட எழுத்தில் கோரி, போய்ப் பாருங்கள். வரவு இடாப்பு என்றால் சர்ச்சைக்குரிய நாளின் பக்கத்தோடு அதற்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களையும் பாருங்கள். பிந்தி வந்தவர்களைப் பிரிக்கும் சிவப்பு மைக் கோடு எந்த நேரத்தில் இழுக்கப்பட்டது, மற்றவர்களுக்கும் அதே கோடுதானா, திருத்தியவர் ஒப்பமிட்டாரா என்பவை அங்கேதான் தெரியும்.

பதில் தரவேண்டிய திகதி பத்திரத்திலேயே இருக்கும். ஆவணங்களைக் காட்டவில்லை, தமிழ்ப் பிரதி தரவில்லை என்ற காரணத்துக்காக அந்தத் திகதியைத் தவறவிட வேண்டாம். திகதிக்கு முன் ஒரு இடைக்காலப் பதில் அனுப்புங்கள்: குற்றச்சாட்டுகளை மறுக்கிறேன், இன்னின்ன ஆவணங்கள் இன்னும் தரப்படவில்லை, கிடைத்தபின் முழுப் பதில் தருவேன், கால நீடிப்புக் கோருகிறேன். நாலு வரி போதும். பதிலே தராவிட்டால் விளக்கமளிக்க ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு மேலே போவார்கள். முழுப் பதிலைக் குற்றச்சாட்டின் இலக்க ஒழுங்கில் எழுதுங்கள். மேலதிகாரியின் குணநலன் பற்றிய ஆராய்ச்சி அதில் வேண்டாம். அது உங்களுக்கு உதவாது, இன்னொரு குற்றச்சாட்டுக்கு இடம் தரும்.

விசாரணை நாட்களில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது உங்கள் உரிமை, உங்கள் பக்கத்துக்காக வாதாட எதிர்வாத உத்தியோகத்தரையும் வைத்துக்கொள்ளலாம். நட்புக்காக ஒருவரைப் பிடிக்காமல், தாபன விதிக்கோவையைக் கையாண்டு பழகியவராகத் தேடுங்கள். ஓய்வுபெற்ற பிரதம எழுதுவினைஞர் ஒருவரின் அரை மணித்தியால ஆலோசனை சில வேளைகளில் பெரிய சட்டப் புத்தகத்தை விடப் பயன்படும். ஒவ்வொரு நாள் முடிவிலும் பதிவு செய்த சாட்சியத்தை வாசித்துப் பாருங்கள். நீங்கள் எழுப்பிய ஆட்சேபம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில் இல்லாத ஆட்சேபத்தை மேன்முறையீட்டில் யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள்.

சம்பள ஏற்றம் நின்றுபோனால் முதலில் கட்டளை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றத்தைப் பிற்போடுவதும் நிறுத்துவதும் தண்டனைகள். தண்டனை என்றால் கட்டளை இருக்க வேண்டும். கட்டளை இல்லை என்றால் பெரும்பாலும் வினைத்திறன் தடை எனப்படும் பரீட்சையைத் தாண்டாமை, அல்லது ஏற்றப் படிவம் யாருடைய மேசையிலோ கிடப்பது. இதற்கு ஆணைக்குழுவுக்கு ஓடத் தேவையில்லை. காரணத்தை எழுத்தில் கேட்கும் ஒரு கடிதமே பல கோவைகளை நகர்த்திவிடும்.

ஒரு மாதம் என்ற சுவர்

அரச அதிகாரியின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலால் சமத்துவ உரிமை மீறப்பட்டால், அதாவது உறுப்புரை 12(1) மீறப்பட்டால், உறுப்புரை 126இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யலாம். காலம் ஒரு மாதம். அரசாங்க சேவை ஆணைக்குழுவின் முடிவுகளை மற்ற நீதிமன்றங்களில் கேள்விக்குட்படுத்த 61அ உறுப்புரை தடை போட்டிருப்பதால், மத்திய உத்தியோகத்தருக்கு இந்த ஒரு மாதம் இன்னும் பெறுமதியானது. திணைக்கள மேன்முறையீடு நிலுவையில் இருப்பது இந்தக் காலத்தை நிறுத்தாது. உள்ளே மேன்முறையீட்டை ஆறு மாதம் பார்த்திருந்துவிட்டு முதல் கட்டளையை எதிர்த்துப் புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போனால், முதல் ஆட்சேபமே காலங்கடந்தது என்பதாகத்தான் இருக்கும்.

ஒரு வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13(1) பிரிவின்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருப்பதால் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டோடு வீட்டுக்கு வந்தால் போதாது. உண்மையில் விசாரணை நடந்தது, நிலுவையில் இருந்தது என்று காட்டும்படி நீதிமன்றம் கேட்டிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கம், எதிர்த்தரப்புக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதி, விசாரணைக்கு அழைத்த திகதிகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

அதிகாரியின் முடிவை இரத்துச் செய்யவோ கடமையைச் செய்விக்கவோ கேட்கும் ரிட் மனுவுக்கு இப்படி இறுக்கமான நாள் கணக்கு இல்லை. ஆனாலும் தாமதமே மனுவைக் கெடுக்கும். மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் ரிட் அதிகாரம் உண்டு. மாகாண உத்தியோகத்தர் எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பது கட்டளை எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதைப் பொறுத்தது, அதைச் சட்டத்தரணியோடு இருந்து தீர்மானியுங்கள். நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபையின் தீர்ப்பையும் ரிட் மூலம் கேள்விக்குட்படுத்திய வழக்குகள் இருக்கின்றன. வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் கேட்கலாம்.

நடைமுறைக்கு ஒரு யோசனை: எந்த மேன்முறையீடாக இருந்தாலும், அதற்குத் தனியாக எவ்வளவு காலம் தரப்பட்டிருந்தாலும், கடிதம் கிடைத்து மூன்று கிழமைக்குள் உரிய வழியில் ஒன்றும், முற்பிரதி நேரடியாக ஒன்றும் அனுப்பிவிடுங்கள். “உரிய வழியில்” போவது உங்கள் நிறுவனத் தலைவரின் மேசையில் தூங்கினாலும் முற்பிரதியின் பதிவுத் தபால் பற்றுச்சீட்டு உங்களிடம் இருக்கும். மற்றக் கிழமை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் சட்டத்தரணிக்கும்.

கோவையைப் பார்ப்பது

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உத்தியோகத்தர்களுக்கும் பொருந்தும், ஆனால் அவர்களே அதைக் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள். “என்னை ஏன் இடம் மாற்றினீர்கள்” என்று கேட்டால் பிரயோசனமான பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: இடமாற்றச் சபையின் கூட்டக் குறிப்பு, அந்தப் பதவியில் அந்தத் திகதியில் இருந்த வெற்றிடப் பட்டியல், நேர்முகத் தேர்வின் புள்ளித் திட்டமும் உங்கள் புள்ளியும், சேவை மூப்புப் பட்டியல். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். தருவதாக முடிவானால், கட்டணம் செலுத்தியபின் 14 நாட்களுக்குள் தகவல் கிடைக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அவருக்கு மூன்று கிழமை. அதன்பின் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழு. இந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் உயர் நீதிமன்றத்தின் ஒரு மாதம் எப்போதோ போயிருக்கும். எனவே தகவல் வந்தபின் மேன்முறையீடு என்று காத்திருக்காமல், இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள். பிறகு கிடைக்கும் ஆவணத்தை மேலதிக சமர்ப்பணமாகச் சேர்க்கலாம்.

செய்யக்கூடாதவை சில

பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசுக் கடிதத்தை மேன்முறையீட்டோடு இணைப்பது இங்கே ஊர் வழக்கம். இணைக்க வேண்டாம். ஆணைக்குழுவின் முடிவில் செல்வாக்குச் செலுத்த முயல்வது அரசியலமைப்பின்படியே குற்றம். பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகச் சட்டப்படி போகும் வழி ஒன்றுதான்: பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் பற்றிய குழு. ஒம்புட்ஸ்மன் எனப்படும் நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளருக்கு 1994ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு நேரடியாகவே எழுதலாம். இவர்களின் பரிந்துரை நீதிமன்றக் கட்டளைபோல் கட்டுப்படுத்தாது, இந்த வழிகளுக்காக மற்றக் காலக்கெடுக்களைத் தவறவிடவும் கூடாது.

முகநூலில் கடிதத்தைப் படமெடுத்துப் போடுவதும் பத்திரிகைக்குக் கொடுப்பதும் தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயத்தின் கீழ் புதிய சிக்கலாகும். சங்கம் பேசட்டும், தொழிற்சங்கத்துக்கு அந்த இடம் உண்டு.

பாலியல் தொந்தரவு என்றால் மேலே சொன்ன படிகளில் ஏறிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அது 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தோடு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் வரும் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. பொலிஸில் முறையிடலாம், ஒழுக்காற்று முறைப்பாட்டையும் சமாந்தரமாகக் கொடுக்கலாம். மேலதிகாரியே எதிரி என்றால் “உரிய வழியில்” என்ற விதியைப் பிடித்துக்கொண்டு அவர் ஊடாக அனுப்ப வேண்டாம், அவருக்கு மேலுள்ளவருக்கு நேரடியாக அனுப்பி, ஏன் நேரடியாக என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஓய்வுக்கு அண்மித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசாரணை நிலுவையில் இருக்க ஓய்வுபெற்றால் விடயம் அத்தோடு முடிந்துவிடாது. ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் 12ஆம் பிரிவின் கீழ் ஓய்வூதியத்தைக் குறைக்கவோ நிறுத்திவைக்கவோ முடியும். ஓய்வுத் திகதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே விசாரணையை விரைவுபடுத்தும்படி எழுத்தில் கேட்டு, ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் பற்றுச்சீட்டையும் தனிக் கோவையில் வீட்டில் வையுங்கள். ஓய்வுபெற்ற பிறகு அலுவலகக் கோவையைத் திறந்து பார்க்கும் வசதி உங்களுக்கு இருக்காது.